ஒரு கையெழுத்து குறைகிறது

ஜூன் 9, ஞாயிறு

வீடு பிடித்துவிட்டது. வடவள்ளியில், மூன்றாம் மாடி. இரண்டு படுக்கையறை, சின்ன பால்கனி. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் லிஃப்ட் வேலை செய்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். வேலை செய்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரிகிறது. அதை நான் கேட்கவில்லை, தானாகக் கிடைத்தது.

விற்பவர் பெயர் தினகரன். என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா பொன்னுசாமி, ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய வீடு. அப்பா போன வருடம் தவறிவிட்டார், அம்மா அதற்கும் முன்னால். "நான் ஒரே வாரிசுங்க. வில்லங்கம்னு ஒண்ணும் கிடையாது. வேணும்னா சான்று போட்டுப் பாத்துக்கங்க" என்றார். பேசும்போது சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"உன் ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு ரூமு?"

"அம்மா வர்றாங்கல்லண்ணா."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

அண்ணனின் பெரிய மகனுக்குப் பொதுத்தேர்வு வருடம். அவனுக்குத் தனி அறை வேண்டும் என்பதால் என் கட்டிலைப் பின்பக்கம் வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. அண்ணி நல்லவள், போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இந்த மாதமும் இரவுப் பணியே கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். தூங்க வசதி.

ஜூன் 15, சனி

அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது. செப்டம்பர் பதினைந்துக்குள் கிரயம் செய்துகொள்ள வேண்டும். அண்ணன் கூட வந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உம் பேரும் எம் பேரும் சேத்தே பத்திரம் போட்டுக்கலாம். தனியா ஒரு பொம்பளைக்கு பாங்க்ல யோசிப்பாங்க" என்றான். சரி என்றேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். அம்மாவின் பிரஷர் மாத்திரை இரண்டு நாளுக்குத்தான் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

வக்கீல் ஷாகிதாவைப் பார்த்தேன். மணிக்கட்டு முறிந்து எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்தபோது பழக்கம். என்னைவிடச் சின்னவர். முறுக்கு தின்றுகொண்டே பேசுவார்.

"ஒப்பந்தம் போட்டுட்டு வக்கீல்கிட்ட வர்றீங்க. எல்லாருமே இப்படித்தான். கல்யாணத்தை முடிச்சுட்டு மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கற மாதிரி." திட்டிவிட்டுக் காகிதங்களைப் பிரித்தார். மூலப் பத்திரம் ஒழுங்காக இருந்தது. நிலத்தில் இந்த வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு பத்திரத்தில் இருந்தது. "சுவர் நாளைக்கு இடிஞ்சாலும் இந்தப் பங்குதான் உங்க சொத்து, அதை மறந்துடாதீங்க" என்றார். வில்லங்கச் சான்றிலும் அடமானம் எதுவும் இல்லை.

"பத்திரம் யார் பேர்ல?"

"என் பேரும் அண்ணன் பேரும்."

"பணம் யார் போடறது?"

"நான்தான். கடன் தவணையும் நானே."

"அப்ப அண்ணன் பேரு எதுக்கு?"

"பாங்க்ல கேப்பாங்கன்னு…"

"உங்க சம்பளத்துக்கு யார் பேரும் கேக்க மாட்டாங்க. போய் விசாரிங்க. பத்திரத்துல அவர் பேரு இருந்தா அவரும் சொந்தக்காரர். நாளைக்கு நீங்க விக்கணும்னாலும், வாடகைக்கு விடணும்னாலும் அவர் கையெழுத்துப் போடணும்."

"அண்ணன் போடுவான்" என்றேன்.

அவர் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் கடித்தார்.

ஜூன் 23, ஞாயிறு

திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுக்கப் போனேன். தினகரன் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவைத்திருந்தார். எதிர்வீட்டில் கோமதி டீச்சர், ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். காபி கொடுத்தார். நல்ல காபி.

"பூங்கோதை வந்து பாத்தாளா? ஒத்துக்கிட்டாளா விக்கறதுக்கு?"

"யாருங்க டீச்சர்?"

"தினகரனோட அக்கா. என்கிட்டதான் ஒன்பதாவது படிச்சா. சேவியர்னு ஒரு பையனைக் கட்டிக்கிட்டா, வீட்டோட உறவு அன்னைக்கோட முடிஞ்சுது. பொன்னுசாமி இறந்தன்னைக்கு வந்தாளே. மேல விடலை. கீழ வண்டி நிறுத்தற இடத்துலயே நின்னா, ஆம்புலன்ஸ் கிளம்பற வரைக்கும். அப்பறம் போயிட்டா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்பது போலத் தலையாட்டினேன். அளவெடுத்ததில் அகலத்தையும் உயரத்தையும் மாற்றி எழுதியிருக்கிறேன். மறுபடி போக வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை. டீச்சருக்கு வயதாகிவிட்டது. வேறு குடும்பத்தை நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 27, வியாழன்

வலது காலுக்குப் பதில் இடது காலைப் படம் எடுத்துவிட்டேன். நோயாளி சிரித்தார், டாக்டர் சிரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

காலையில் பணி முடிந்ததும் நேராக ஷாகிதாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தினகரன் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவர் சொன்னதை வைத்து தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்பா உயில் எழுதியிருக்காரா?"

"இல்லைன்னுதான் தினகரன் சொன்னாருங்க."

"அப்ப மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. அவங்க யாரைக் கட்டிக்கிட்டாலும் மகள் மகள்தான். நீங்க பால் காய்ச்சிக் குடியேறி நாலஞ்சு வருஷம் கழிச்சு அவங்க கோர்ட்டுக்குப் போனாலும் பதில் சொல்லணும். நீங்கதான் சொல்லணும், தினகரன் இல்லை."

"பாங்க் வக்கீல் எல்லாம் சரின்னுட்டாரே?"

"அவருக்கு அந்தக் காகிதம்தானே தெரியும். உங்களுக்கு அக்கா இருக்கறது தெரிஞ்சு போச்சே."

தெரியாமலே இருந்திருக்கலாம். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்தேன். டீச்சர் காபி கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 30, ஞாயிறு

தினகரனிடம் கேட்டுவிட்டேன். சாவிக்கொத்து நின்றது.

"அவங்க எங்களுக்கு இல்லைன்னு ஆயி ரொம்ப நாளாச்சுங்க. அப்பாவே சொன்னது. செத்தவங்களை வாரிசுல எழுதுவாங்களா?"

"செத்தா போயிட்டாங்க?"

"உங்களுக்கு வீடு வேணுமா, எங்க குடும்பக் கதை வேணுமா? வேண்டாம்னா சொல்லுங்க, கேட்டுட்டு வேற ஆள் இருக்காங்க."

வெளியே வந்தேன். டீச்சரிடம் பூங்கோதையின் விலாசம் கேட்டேன். பொள்ளாச்சியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாராம்.

ஜூலை 4, வியாழன்

அண்ணன் கத்தினான். "பாங்க்கே சரின்னுடுச்சு, நீ எதுக்குத் தோண்டிக்கிட்டு இருக்கற? வீட்டை விட்டுட்டா இன்னொண்ணு யாரு தேடறது? பேசாம முடி." அண்ணி நடுவில் வந்து, "விடுங்க, அவங்க இங்கயே இருக்கட்டும், யாரு போகச் சொன்னா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அப்புறம் துவைக்கப் போட்டாள். மிஷின் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து ஆடுகிறது.

பாங்க்கில் விசாரித்தேன். கடனுக்கு என் பெயர் மட்டும் போதுமாம். அண்ணனிடம் இதைச் சொல்லச் சரியான நேரம் அமையவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போனேன். டிரைவிங் ஸ்கூல் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. பூங்கோதை உயரமாக, முடியை இறுக்கக் கட்டிக்கொண்டு, காலில் ஷூ போட்டிருந்தார். வீட்டு விஷயம் என்றதும் முகம் மாறவில்லை. "பின்னாடி ஏறிக்கங்க. இவங்களுக்கு நாளன்னிக்கு டெஸ்ட்டு. ஓட்டிக்கிட்டே பேசலாம்" என்றார்.

ஓட்டியது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள். ஸ்டியரிங்கை விட்டால் ஓடிப்போய்விடும் என்பது போலப் பிடித்திருந்தார். வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பியது.

"கிளச்சை மெதுவா விடுங்க… ஆங், அப்படி. தினகரன் அனுப்பிச்சானா?"

"இல்லைங்க. நானாத்தான் வந்தேன்."

"நல்லா இருக்கானா?"

"இருக்காருங்க."

"ரெண்டுக்கு மாத்துங்க. ரெண்டு, ரெண்டு. நாலு இல்லை. சரி, எதுக்கு வந்தீங்க?"

"உங்க கையெழுத்து வேணும். விடுதலைப் பத்திரம்னு ஒண்ணு. உங்க பங்கைத் தம்பிக்கு விட்டுக் குடுக்கறதா எழுதி…"

வண்டி அப்படியே நின்றது. என் நெற்றி முன்சீட்டில் இடித்தது. "நான் ஒண்ணும் பண்ணலைங்க!" என்று அந்த அம்மாள் அலறினார்.

"நீங்க பண்ணலைங்க. என் காலுக்குக் கீழயும் பிரேக் இருக்குது. நான்தான் மிதிச்சேன்." பூங்கோதை திரும்பி என்னைப் பார்த்தார். "நெத்தியில பட்டிருச்சா?"

இல்லை என்றேன். பட்டிருந்தது.

"விட்டுக் குடுக்கோணும்னா மொதல்ல எனக்கு இருந்துச்சுன்னு யாராச்சும் சொல்லோணுமில்ல? சான்றிதழ்ல நானே இல்லைங்கறீங்க. இல்லாதவ எதை விட்டுக் குடுப்பா?" குரல் உயரவில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "நீங்க வண்டியை எடுங்க, அவன் கிடக்கறான். அப்பா கிடந்தப்ப நான் கீழ நின்னேன். தினகரன் மூணாவது மாடியில இருந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போனான். சின்னதுல அவனை முதுகுல தூக்கிட்டுப் போய் ஸ்கூல்ல விட்டவ நானு."

பக்கத்தில் தென்னந்தோப்புகள் நகர்ந்தன.

கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார். "விட்டுக் குடுத்தேன்னு எழுத மாட்டேன். வித்தேன்னு எழுதுங்க, போடறேன். அவனோட சேந்து. பொன்னுசாமி மகள் பூங்கோதைன்னு எழுதி."

"பணம் பாதி…"

"அதை அவன்கிட்டப் பேசிக்கறேன். நான் கேக்கறது அது இல்லை."

இறங்கும்போது கேட்டார். "உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அண்ணன். ரொம்ப நல்லவன்."

"கூட வந்திருக்கலாமே, இவ்வளவு தூரம்."

"லீவு இல்லைங்க."

அண்ணனுக்கு இன்று லீவுதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

தினகரன் முடியாது என்கிறார். விடுதலைப் பத்திரம் என்றால் யோசிப்பாராம். விற்பவராகச் சேர்த்தால் தாலுகா ஆபீஸில் போய் 'எனக்கு அக்கா இருக்கிறாள், மறைத்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறது?" என்றார். ஷாகிதா போனிலேயே அவருக்குச் சொன்னார்: "சார், இந்த அம்மாவை விட்டுட்டு வேற யார் வந்தாலும் அவங்க வக்கீலும் இதையே கேப்பாங்க. எதிர்வீட்டு டீச்சர் எங்கயும் போகப் போறதில்லை."

தினகரன் போனை வைத்துவிட்டார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு எப்படியும் பத்திரம் கிடையாது என்று அண்ணன் சொன்னான். ஏதோ விடுமுறை விட்டது போல இருந்தது அவன் முகம்.

ஜூலை 22, திங்கள்

வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் வடவள்ளி பஸ்ஸில் ஏறிப் போய், அந்தக் கட்டிடத்துக்கு எதிரே டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஏன் போனேன்? சமையலறை ஜன்னல் மூடியிருந்தது.

அம்மாவிடம், "அந்த வீட்டுக்குப் போனதும் உனக்கு ஒரு நல்ல கட்டில் வாங்கணும்" என்றேன். "மொதல்ல உனக்கு வாங்கு" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. பூங்கோதையிடம் நேற்று போனில் பேசினேன். தினகரன் காலையில் பேரூரில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவார் என்று டீச்சர் சொன்னதை அவரிடம் சொன்னேன். வரச் சொல்லவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

நான் போனபோது தினகரன் ஈர வேட்டியோடு பால்கனியில் நின்றிருந்தார். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். சொல்லியும்விட்டேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பில் எல் எழுதிய கார் கேட்டுக்குள் வந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே, மற்ற வண்டிகள் வெளியே போக முடியாதபடி நின்றது. பூங்கோதை இறங்கினார். மேலே வரவில்லை. காரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

கீழ்வீட்டுக்காரர் வண்டியை எடுக்க வந்து ஹாரன் அடித்தார். பூங்கோதை நகரவில்லை. காவலாளி வந்து ஏதோ சொன்னார். நகரவில்லை. தினகரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இதுக்குன்னே வந்திருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கிப் போனார்.

மேலிருந்து பார்த்தேன். கேட்கவில்லை. முதலில் அவர் கையை வீசிப் பேசினார், காரைக் காட்டினார், கேட்டைக் காட்டினார். பூங்கோதை பிறகு ஏதோ சொன்னார், சின்னதாக. தினகரன் கையை இறக்கினார். ஹாரன் அடித்தவர் அலுத்துப்போய் இறங்கி நடந்தே போய்விட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தினகரன் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தார். சூடு தாங்கவில்லை போலும். பூங்கோதை கார்க் கதவைத் திறந்து, உட்காரு என்பது போல ஓட்டுநர் பக்கத்து சீட்டைக் காட்டினார். ரொம்ப நேரம் தயங்கிவிட்டு அவர் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதற்கு மேல் எனக்குக் காரின் கூரைதான் தெரிந்தது.

டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்று, "காபி போடட்டுமா?" என்றார். "நாலு பேருக்குப் போடுங்க" என்றேன்.

பூங்கோதை மேலே வரவில்லை, போய்விட்டார். தினகரன் மட்டும் வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல், "தாலுகா ஆபீசுக்கு என்னிக்குப் போகோணும்னு வக்கீல்கிட்டக் கேளுங்க" என்றார்.

காருக்குள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க ஆசையாக இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

ஆவணி. இரண்டு பெயரோடு புதிய சான்றிதழுக்கு மனு கொடுத்தாகிவிட்டது. விசாரணைக்கு டீச்சரே போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தார். கிரயப் பத்திரத்தின் வரைவை எழுத ஷாகிதா உட்கார்ந்தார். "வாங்கறவங்க பேரு சொல்லுங்க."

சொன்னேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அண்ணனிடம் இன்று பேசுவதாக இருந்தேன். மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டான். நாளை.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாளை.

செப்டம்பர் 3, செவ்வாய்

சான்றிதழ் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பத்திரம். சாப்பாடு இறங்கவில்லை. அண்ணியின் கைப்பக்குவம், ரசம் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் அடையாள அட்டை, போட்டோ எல்லாம் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 6, வெள்ளி

முகூர்த்த நாள், சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. பூங்கோதை பட்டுப்புடவையில் வந்திருந்தார், அதற்கும் அதே ஷூ. அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர் வந்து அந்த இடத்தில் உட்காரப் போனபோது தினகரன் நகர்ந்து அதை அடைத்துக்கொண்டார்.

அண்ணன் பத்திரத்தை வாங்கிப் படித்தான். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.

"எம் பேரு எங்க?"

"இல்லண்ணா."

"டைப் பண்ணும்போது விட்டுட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். கடன் நான் கட்டறேன். வீடு என் பேர்ல மட்டும் இருக்கட்டும்."

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?" ஷாகிதாவைப் பார்த்தான். "உனக்கப்பறம் யாருக்குப் போகும்? யோசிச்சியா?"

"உயில் எழுதி வெச்சுக்கறேன்."

"எல்லாம் கத்துக்கிட்ட." பத்திரத்தை என் கையில் திணித்தான். அவன் கொண்டுவந்த போட்டோக் கவர் கீழே விழுந்தது, குனிந்து பொறுக்கினான். இவனுக்கா நான் இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது, பாவமாகவும் இருந்தது. "அப்ப அம்மாவையும் நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

பதிவாளர் தலை நிமிராமல் கேட்டார். "விக்கறவங்க?"

தினகரன் சொன்னார். அடுத்து பூங்கோதை. "பூங்கோதை. பொன்னுசாமி மகள்." அவ்வளவு கூட்டத்திலும் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். பதிவாளரே நிமிர்ந்து பார்த்தார். விரலில் மை தடவிய பிறகு துடைக்கத் துணி கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"வாங்கறவங்க? எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான். வசுமதி."

கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அண்ணன் பேசவில்லை. அண்ணி தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். பெட்டி கட்டினேன். அம்மாவின் துணிகளை எடுத்தபோது, "அதை எதுக்கு எடுக்கற?" என்றாள்.

"நீ வரலியா?"

"நான் எப்ப வர்றேன்னு சொன்னேன் கண்ணு?"

உட்கார்ந்துவிட்டேன். ஜூனிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொல்லவே இல்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பேரன் பரீட்சை எழுதற வருஷம். உன் அண்ணனுக்கு நான் பக்கத்துல இருக்கோணும், கோவம் இன்னும் நாலு நாளைக்கு இருக்கும். எனக்கு இந்த வீடே பழகிப்போச்சு." கால்முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "அம்மாவுக்குன்னு சொன்னாத்தான் உன்னை வீடு வாங்க விடுவாங்கன்னு நெனச்ச. நானும் சரின்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே எதுக்கு?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பால் காய்ச்சினேன். டீச்சர் வந்தார், ஷாகிதா வந்தார். பூங்கோதை கணவரோடு வந்து எல்லா அறையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, உட்காராமல், ஒரு வாய் பால் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அண்ணன் வரவில்லை. அம்மாவை ஆட்டோவில் அனுப்பியிருந்தான்.

அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டு, பெரிய அறையில் தரையில் புடவைத் தலைப்பை விரித்து நன்றாகத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்ததும் "இருந்துடறேன்" என்று சொல்வாளோ என்று பார்த்தேன். எழுந்ததும் ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னாள்.

லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். உள்ளே ஏறி நின்றுகொண்டு, "தனியா இருக்கப் பயமா இருக்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"இருக்கட்டும். நீ கேட்டு வாங்கின வீடு." பொத்தானை அவளே தேடி அழுத்தினாள். "போய்க் கதவைச் சாத்திக்கோ."

வந்து சாத்தினேன். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. நாளை எண்ணெய் விட வேண்டும்.